அருவிக்கு எதிர் பெஞ்சு

"நான் சொல்றத முழுசாக் கேளுக்கா, அப்புறம்—"

"நீ என்ன புதுசாச் சொல்லப் போற? அதான் கேட்டுட்டு வந்திருக்கேனே, ஊரே—"

"ஊர் இல்ல. ஒரு ஆளு. ஒரே ஒரு ஆளு ஏதோ சொன்னாங்கன்னு—"

"ஒரு ஆளு போதும் எனக்கு. கடைலேர்ந்து ஓட்டமும் நடையுமா வந்திருக்கேன். செருப்பக்கூட முழுசாக் கழட்டல பாரு."

உண்மைதான். ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அக்கா கூடத்து நடுவில் நின்றிருந்தாள். தோளில் பை அப்படியே தொங்கியது. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃப்ரேம் பொருத்தி, காதில் அழுத்துகிறதா, மூக்கில் நழுவுகிறதா என்று பார்க்கும்போது ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பேசினால்தான் முகம் இறுகாமல் இருக்கும், அளவு சரியாக வரும் என்பது அவள் கணக்கு. அன்று மதியம் புதுக் கண்ணாடி வாங்க வந்தது ஓவியக் கூடத்தில் காவல் இருக்கிற அம்மா ஒருத்தி.

"'சுகமான வேலைங்க உங்களுக்கு, நாள் முழுக்கப் படம் பார்க்கலாம்'னு சும்மா ஒரு வார்த்தை போட்டு வச்சேன். 'எங்கள விட ஒரு பெரியவர் பார்க்கறாரும்மா. அருவிப் படத்துக்கு எதிர்ல தினம் வந்து உக்காந்துடுவார். நாங்க அருவி ஐயான்னே பேர் வச்சுட்டோம்'னாங்க. நானும் சிரிச்சேன். பைத்தியக்காரி மாதிரிச் சிரிச்சேன். அப்புறம் சொல்றாங்க, தவிட்டுக் கலர் குல்லாவாம், கைத்தடில பச்சை டேப் சுத்தியிருக்காம். அந்தப் பச்சை டேப்பச் சுத்தினதே நான்தானேடி."

தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அப்பா இருந்தார். தவிட்டுக் கலர் குல்லா அவர் மடியில் இருந்தது.

"'பாவம், துணைக்கு ஆளே கிடையாது. எழுந்திருக்கக்கூட முடியாம உக்காந்திருப்பார். கை குடுக்கவான்னா வேணாம்னுடுவார்'ங்கறாங்க. அவங்க மூக்குல இருக்கற ஃப்ரேம நான் நிமித்தறேன், நிமித்தறேன், அது கோணிக்கிட்டே போகுது. சொல்லு. எங்க போன நீ? அவரை அங்க நட்டு வச்சுட்டு எங்க போன?"

"நட்டு வைக்கறதுக்கு அவர் என்ன செடியாக்கா? உக்கார வச்சுட்டு நான் பக்கத்து ரூம்ல படம் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரே படத்த எத்தன நேரம் பார்க்கறது? அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னுதானே உன்கிட்டயே வந்தாங்க?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல."

"அப்பாவையே கேளு. நான் சொன்னா நம்ப மாட்ட, அவர் சொன்னா நம்புவல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்பாவை இழுத்திருக்கக் கூடாது. ஆனால் இழுத்தாகிவிட்டது.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் இழுபடும். இடப்பக்கம் யார் வந்து நின்றாலும் சட்டென்று தெரியாது. அக்கா அதற்காகவே எப்போதும் வலப்பக்கம் போய் நின்றுதான் பேசுவாள். இப்போதும் ஒற்றைச் செருப்போடு சுற்றிப் போய் நின்றாள்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. இவ உங்களத் தனியா விட்டுட்டுப் போனாளா?"

அப்பா குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர். பதில் சொல்வதற்கு முன் வளைவில் ஹாரன் அடிப்பது போல ஒரு செருமல் செருமுவார்.

"பக்கத்து ரூம்லதான் இருந்தா பொடிசு," என்றார். "கூப்பிட்ட குரலுக்கு வந்துடுவா."

அக்காவின் தோள் இறங்கியது. மற்ற செருப்பைக் கழற்றினாள். பையைக் கீழே வைத்தாள். பிறகு தங்கையின் அருகில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் சட்டைக் காலரைச் சரி செய்வது போலத் தொட்டாள்.

"தப்பா எடுத்துக்காதடி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். கடைல உன்னப் பத்தித்தான் பீத்திக்கிட்டிருக்கேன், லீவுல ஊர் சுத்தாம அப்பாவக் கூட்டிக்கிட்டு நடக்கறா, இந்தக் காலத்துல யார் செய்வான்னு. அதுல ஒரு ஆளு வந்து இப்படிச் சொன்னதும் எனக்கு..."

"விடுக்கா."

"மன்னிச்சுக்கோ."

"விடுன்னா விடேன்."

அவள் குரல் கோபமாக வந்தது. அக்கா அதையும் தன் தப்பு என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். திட்டு வாங்கியபோது நின்ற இடத்தில் நிற்க முடிந்தது; மன்னிப்புக் கேட்டதும் எங்கே நிற்பதென்று தெரியவில்லை தங்கைக்கு. அப்பா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

ஆரம்பத்தில் அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அவளுடைய யோசனைதான். தினம் மதியம் அப்பாவை நடக்க வைக்க வேண்டும் என்றார் டாக்டர். நடைபாதையோ குண்டும் குழியும். "ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப் போறேங்க்கா. தரை கண்ணாடி மாதிரி இருக்கு, சுவரோரம் கைப்பிடி இருக்கு, வெயிலும் இல்ல மழையும் இல்ல" என்றாள். கல்லூரிக்கு நீண்ட விடுமுறை. முதல் சில நாட்கள் உண்மையிலேயே கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். அப்பாவுக்குப் படங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது.

"இந்தம்மா ஏன் இப்படி முழிக்குது?"

"அது ஒரு பெரிய பணக்காரிப்பா. இருநூறு வருஷம் முந்தி."

"கடைசி பஸ்ஸ விட்ட மூஞ்சி."

வெறும் சிவப்பும் கறுப்பும் தெறித்த ஒரு படத்தின் முன் வெகு நேரம் நின்றுவிட்டு, "பெயிண்ட் டப்பாவ மடில வச்சிருந்தவன் டிரைவர் பிரேக்கப் போட்டதும் என்ன பண்ணுவான் பாவம்" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் காவலாளி அம்மா எட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்த நாட்கள் அவை. அப்படியே இருந்திருக்கலாம்.

ஆனால் ஓவியக் கூடத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு காபிக் கடை இருந்தது. அங்கே அவளோடு படிக்கிற இரண்டு பேர் தினம் மதியம் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் தாடி, கிதார் வைத்திருந்தான். இன்னொருத்தி நெட்டை, அவளிடம் வயலின். கூட்டம் இல்லாத நேரத்தில் மூலையில் உட்கார்ந்து வாசித்துக்கொள்ளக் கடைக்காரர் விட்டிருந்தார். ஒரு நாள் அப்பாவைக் கொஞ்சம் உட்கார வைத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் போனாள். இயந்திரம் ஆவி விட்டது, கோப்பைகள் கிணுகிணுத்தன, கிதார் நடுவில் ஒரு இடத்தில் தயங்கியபோது அவள் தன்னையறியாமல் அந்த இடத்தை முனகி நிரப்பினாள்.

தாடி வாசிப்பதை நிறுத்தினான். "யாரு அது? திரும்பப் பாடு."

வீட்டில் அவளைத் திரும்பச் சொல்லு என்று யாராவது கேட்டால் அது திட்டுவதற்காக இருக்கும். இது அப்படி இல்லை. திரும்பப் பாடினாள். நெட்டை வயலினைத் தோளில் வைத்து அவள் குரலுக்குக் கீழே மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். வீதியில் மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மதியத்தில் அவள் யாருக்கும் மகள் இல்லை, தங்கை இல்லை, நல்ல பெண்கூட இல்லை. வெறும் குரல்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்பது பாட்டு முடியும் வரை என்றாயிற்று. அப்புறம் இன்னொரு பாட்டு.

அப்பாவை அவள் உட்கார வைத்தது அருவிப் படத்துக்கு எதிர் பெஞ்சில். சுவர் உயரத்துக்கு ஒரு அருவி, வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருக்கும். மற்ற பெஞ்சுகளெல்லாம் வெறும் பலகை. அதில் மட்டும் கைப்பிடி இருந்தது. சாய்ந்தாலும் விழ மாட்டார். எழுவதற்கு அது போதாது. யாராவது இடது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

ஒரு தரம் அப்பா கேட்டார். "பொடிசு, வேற படத்துக்கு முன்னாடி உக்கார வையேன். பூப்படம், பழப்படம், எதுவானாலும் சரி."

"ஏம்பா, அருவி நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ரொம்பவே நல்லா வரைஞ்சிருக்கான்."

"இந்த பெஞ்சுலதாம்பா கைப்பிடி இருக்கு."

"சரி, சரி. நீ போ."

பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அப்பா குல்லாவைக் கழற்றி மடியில் விரித்து வைத்திருந்தார். கால்சட்டை தொடையிலிருந்து முழங்கால் வரை நனைந்திருந்தது.

"பாட்டில் மூடிய நான் சரியா மூடல," என்றார் அப்பா, அருவியைப் பார்த்துக்கொண்டு. "கொட்டிடுச்சு."

தண்ணீர் பாட்டில் அவள் பையில் இருந்தது. காபிக் கடைக்கு அவள்தான் எடுத்துப் போயிருந்தாள். தோள்பட்டையில் அதன் கனம்கூடத் தெரிந்தது.

"பார்த்துக் குடிக்கக் கூடாதாப்பா?" என்றாள்.

"இனிமே பார்த்துக்கறேன்."

தன் மேலங்கியை அவர் இடுப்பில் சுற்றிக் கூட்டி வந்தாள். வழியெல்லாம் அந்தப் புதுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வாய் சும்மா இருந்தால் வேறு ஏதாவது யோசிக்க வேண்டி வரும்.

சண்டை நடந்த அன்று இரவுச் சாப்பாட்டின் போது அக்கா இன்னொன்றை எடுத்தாள்.

"தண்ணி விஷயத்துல மட்டும் நீ கொஞ்சம் கண்டிப்பா இரு. காலைலேர்ந்து உதட்டுலயே படமாட்டேங்குது. சாயந்தரம் ஆனா ஜக்கு ஜக்காக் குடிக்கறார். டாக்டர் என்னத்தான் புடிச்சுத் திட்டறார், உடம்பு வத்திப் போயிருக்கு, மூத்திரப் பை கெட்டுடும், ஆஸ்பத்திரில படுக்க வைக்கணும்னு. வயசானவர் புடிவாதம் புடிச்சா நாமதானே புகட்டணும்?"

"நான் குடுக்கத்தான் செய்யறேன். 'வந்து குடிக்கறேன்'ங்கறார்."

"எங்கேர்ந்து வந்து?"

"நடந்துட்டு வந்து."

"நடக்கறதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? என்னப்பா இது, சின்னப் புள்ள மாதிரி?"

அப்பா ரொட்டியைக் கிண்ணத்தில் தோய்த்துக்கொண்டிருந்தார். "வண்டி ஓட்டின காலத்துப் பழக்கம்," என்றார். "ரூட்டுல இருக்கறப்ப தண்ணி குடிக்கறதில்ல."

அக்கா சிரித்துவிட்டாள். தங்கையும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இனி விட்டுவிட்டுப் போவதில்லை என்று அன்று படுக்கையில் தீர்மானித்தாள். அது உண்மையான தீர்மானம்தான். ஆனால் மறுநாள்தான் காபிக் கடையில் ஆட்களைக் கூப்பிட்டுப் பாடுவதாக இருந்தார்கள். கடைக்காரர் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தார். தாடி சொல்லியிருந்தான்: "நீ இல்லன்னா இது வெறும் டொய்ங் டொய்ங்." அந்த ஒரு நாள் மட்டும். அதற்குப் பிறகு ஒழுங்காக இருந்துவிடலாம்.

அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்து நிமிர்ந்தபோது காவலாளி அம்மா வந்து நின்றாள். மூக்கில் புதுக் கண்ணாடி. அக்கா பொருத்திக் கொடுத்தது.

"வாங்க அருவி ஐயா. இன்னைக்குத்தான் உங்க முகம் தெளிவாத் தெரியுது," என்று சிரித்தவள் அவள் பக்கம் திரும்பினாள். "நீ யாரும்மா? பொண்ணா?"

அந்தக் கண்ணாடி இறுக்கினாலோ தளர்ந்தாலோ இந்த அம்மா திரும்பவும் அக்காவின் கடைக்குப் போவாள், மறுபடி பேச்சு வரும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"இல்லீங்க," என்றாள். "பக்கத்து வீடு. கொண்டாந்து விட்டுட்டுப் போவேன், அவ்வளவுதான்."

"அப்படியா? நல்ல மனசும்மா உனக்கு. பெத்த புள்ளைங்களே செய்யறதில்ல இந்தக் காலத்துல. என்னங்க ஐயா?"

அப்பா செருமினார். "ஆமாங்க," என்றார். "நல்ல பொண்ணு."

அவள் வெளியே வந்து வீதியைக் கடந்தாள். காது இரண்டும் கொதித்தன. திரும்பிப் போய்விடலாம் என்று நடு வீதியில் ஒரு கணம் நினைத்தாள். ஒரு வண்டி ஹாரன் அடித்தது, எதிர்ப்பக்கமே போய்விட்டாள்.

பாட்டு நன்றாக வந்தது. அதுதான் கொடுமை. தொண்டை அடைத்துக்கொண்டிருந்தால், சுருதி விலகியிருந்தால், அவளுக்கு ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும். கோப்பையை வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். தெரியாத ஒரு அம்மா வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "உங்க அப்பா அம்மா குடுத்து வச்சவங்க" என்றாள். நெட்டை, "அடுத்த வாரமும்" என்றாள். தாடி, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றான். பாடினாள்.

திரும்பியபோது கூடத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்பா நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்கால்களையும் சேர்த்து இறுக்கி, நல்ல கையால் கைப்பிடியைப் பற்றியிருந்தார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"நேரமாயிடுச்சாப்பா?"

"இல்ல இல்ல." அவர் கையை நீட்டினார். "பக்கத்து வீட்டுப் பொண்ணே, கொஞ்சம் தூக்கி விடு."

அவர் சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் இடது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் தூக்கினாள்.

வாசலுக்கு வந்ததும் கேட்டார். "பாட்டு நல்லா வந்துதா?"

"எந்தப் பாட்டு?"

"அதான், வழியெல்லாம் முனகிக்கிட்டே வருவியே. வாய்க்குள்ளயே எத்தன நாள் வச்சிருப்ப? எங்கயோ பாடறேன்னு தெரியாதா எனக்கு? காதுக்கு ஒண்ணும் வரலையே, கை காலுக்குத்தானே வந்துது."

"அப்பா, நான் இனிமே..."

"கொஞ்சம் வேகமா நட," என்றார் அப்பா. "வீட்டுக்குப் போகணும்."

வீடு வந்ததும் நேரே கழிவறைக்குத்தான் போனார். வந்து உட்கார்ந்து ஜக்கை வாங்கி மூச்சு விடாமல் குடித்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒன்று மனசில் நெருடியது. சரியாகப் பார்க்காமல் நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்கும் வார விடுமுறை, ஓவியக் கூடத்துக்கும் வார விடுமுறை. அக்கா காலையிலிருந்தே நல்ல மனநிலையில் இருந்தாள். துணி துவைத்துப் போட்டாள். சூப் வைத்தாள். தங்கையை ஒரு வேலை செய்ய விடவில்லை. முந்தாநாள் திட்டியதற்கு வட்டி போல.

"நீ உக்காரு. வாரம் பூரா அலையற. இன்னைக்கு ஒரு நாள் நான் பார்த்துக்கறேன்."

"நான் பண்றேங்க்கா. குடு."

"உக்காருன்னா. ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு? இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல."

"அப்பா, இவளுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. ராத்திரி சாப்பிடல, இப்பவும் கொறிக்கறா."

"காதல் கீதலா இருக்கும்," என்றார் அப்பா. அக்கா அவர் தோளில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு ஜக்கை நிரப்ப உள்ளே போனாள்.

அப்பாவின் முன்னால் சூப்பும் ரொட்டியும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரும் இருந்தன. வெயில் மேசை மேல் விழுந்து டம்ளருக்குள் ஆடியது. தங்கை அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இப்போது தள்ளிப் போட்டிருந்தாள்.

அப்பா டம்ளரை எடுத்தார். உதட்டருகே கொண்டு போனார். அப்படியே நிறுத்தினார்.

அக்கா நிரப்பிய ஜக்கோடு வந்தாள். அவசரத்தில் சுற்றி வராமல் அவருடைய இடப்பக்கமாகவே வந்து நின்றுவிட்டாள். அவருக்கு அது தெரியவில்லை. அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மேசை மேல் குனிந்து, சின்னவளிடம் மட்டும் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கு அருவிக்குப் போகலையே பொடிசு? அப்ப குடிக்கலாம்ல?"